முதலில் ஹாலை அளந்து பாருங்கள்

கேமரா வாங்கும்போது கூடவே வந்த 18-55 லென்ஸோடு ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டு, இப்போது அடுத்த லென்ஸ் தேடிக்கொண்டிருக்கும் அப்பா அம்மாக்களுக்கு,



உங்களில் யாரைப் பார்த்தாலும் கேள்வி ஒரே மாதிரிதான் வருகிறது. "வீட்ல பசங்களையும் எடுக்கணும், லீவுக்குப் போனா மலை, கடல் எல்லாம் எடுக்கணும். ரெண்டுக்கும் ஆகுற மாதிரி, கம்மி விலையில ஒண்ணு சொல்லுங்க." கடைக்காரர், மச்சான், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்று எல்லாரும் இதற்கு ஒரே பதிலை வைத்திருக்கிறார்கள்: கண்ணை மூடிக்கொண்டு ஃபிஃப்டி எம்எம் வாங்கு.

கண்ணைத் திறந்துகொண்டே வாங்கலாம் என்பது என் கட்சி. மலைக்கும் கடலுக்கும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற கிட் லென்ஸே போதும். அந்தக் கணக்கில் ஒரு பைசாவும் செலவழிக்க வேண்டாம். இருக்கிற காசு மொத்தமும் வீட்டுக்குள் எடுக்கும் படங்களுக்குப் போகட்டும். வீட்டுக்குள் எந்த லென்ஸ் என்பதை யூடியூப் சொல்லாது, உங்கள் ஹாலின் நீளம்தான் சொல்லும்.

முதலில், கிட் லென்ஸ் வீட்டில் ஏன் தடுமாறுகிறது என்று பார்ப்போம். இரவு எட்டு மணி, ஹாலில் ஒரு ட்யூப்லைட், ஐஎஸ்ஓ 1600. கிட் லென்ஸை 55-க்குத் திருப்பினால் அப்பெர்ச்சர் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. அந்த வெளிச்சத்தில் ஷட்டர் ஸ்பீட் ஏறக்குறைய 1/15 நொடியில் வந்து நிற்கும். குழந்தை அந்த நேரத்துக்குள் சோபாவிலிருந்து குதித்தே முடித்துவிடும். படத்தில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தீற்றல்தான் இருக்கும். அதே இடத்தில், அதே ஐஎஸ்ஓவில், எஃப் 1.8 வரை திறக்கிற லென்ஸ் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஷட்டர் 1/160 வரை ஏறும். கண் இமை வரை தெளிவாக வரும்.

"என் லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே" என்பீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும். குதிக்கிற பிள்ளையைப் பிடிக்காது. கேமராவோடு வருகிற பாப்-அப் ஃப்ளாஷ் பிடிக்கும்தான், ஆனால் முகத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆக்கிவிடும். சின்னதாக ஒரு வெளி ஃப்ளாஷ் வாங்கி, வெள்ளைக் கூரையைப் பார்த்துத் திருப்பி அடித்தால் கிட் லென்ஸிலேயே நல்ல படம் வரும். அது லென்ஸைவிடச் சிக்கனமான வழியும்கூட. ஆனால் தூங்கும் குழந்தையின் தலைமாட்டில் ஃப்ளாஷ் அடிக்க எந்த அம்மா சம்மதிப்பார்? கேக்கின் மெழுகுவர்த்தி வெளிச்சமும் ஃப்ளாஷ் அடித்த கணத்தில் காணாமல் போகும்.

ஆக, எஃப் எண் சிறியதாக இருக்கிற, ஜூம் ஆகாத பிரைம் லென்ஸ் ஒன்று வேண்டும். அதுவரை மச்சான் சொல்வது சரி. எத்தனை எம்எம் என்பதில்தான் எனக்கும் அவருக்கும் தகராறு.

ஒரு சின்னக் கணக்கு. உங்களில் பெரும்பாலோரிடம் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா. கேனான் என்றால் அதன் சென்சார் அகலம் 22 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நிக்கான், சோனி என்றால் ஏறக்குறைய 23.5. நிற்கிற தூரத்தை இந்த எண்ணால் பெருக்கி, லென்ஸின் எம்எம்-ஆல் வகுத்தால், அந்தத் தூரத்தில் படத்துக்குள் எவ்வளவு அகலம் அடங்கும் என்பது வந்துவிடும்.

பத்துக்குப் பன்னிரண்டு ஹால் என்று வைத்துக்கொள்வோம். சோபா, டிவி ஸ்டாண்ட், அயர்ன் பண்ணாமல் குவிந்திருக்கும் துணி எல்லாம் போக, முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றால் உங்களுக்கும் பிள்ளைக்கும் நடுவில் எட்டு அடி கிடைக்கும். அதாவது 2.4 மீட்டர். கேனானில் 50 எம்எம் மாட்டினால் படத்தின் நீளப் பக்கத்தில் 1.07 மீட்டர்தான் அடங்கும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு உச்சந்தலையோ பாதமோ ஒன்று வெட்டுப்படும். தாத்தா பாட்டியோடு சேர்த்து உட்காரவைப்பதை நினைத்தே பார்க்க வேண்டாம். பிறந்தநாளன்று பால்கனிக் கதவைத் திறந்து, செருப்பு ஸ்டாண்டை நகர்த்தி, வெளியே நின்றுதான் கேக் வெட்டுவதை எடுக்க முடியும். அதே எட்டு அடியில் 24 எம்எம் லென்ஸில் 2.2 மீட்டர் அடங்கும். நிக்கானில் 35 எம்எம் போட்டால் 1.6 மீட்டர். மனிதர்கள் வீட்டோடு சேர்ந்து தெரிவார்கள். பத்து வருஷம் கழித்து அந்தப் படத்தில் நீங்கள் தேடப்போவது பிள்ளையை மட்டுமல்ல, அந்தக் காலண்டரையும், சுவரில் கிறுக்கியிருந்த கிரேயானையும்தான். 50 எம்எம்-இன் பேக்கிரவுண்ட் ப்ளர் அவை எல்லாவற்றையும் கரைத்துவிடும்.

அப்படியானால் 50 மோசமான லென்ஸா? இல்லவே இல்லை. கேனானின் ஈஎஃப் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம், 2015-இல் வந்தது, 160 கிராம்தான் எடை. இந்தியாவில் பல வருஷமாகப் பத்தாயிரம் ரூபாயைச் சுற்றியே விற்றிருக்கிறது. அந்தக் காசுக்கு அவ்வளவு தெளிவு தருகிற லென்ஸ் அபூர்வம். மொட்டை மாடி உள்ளவர்கள், தனி வீடும் முற்றமும் உள்ளவர்கள், திருவிழாவில் முகங்களை எடுக்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக வாங்குங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஒன்றரை மீட்டர் தூரத்தில் 1.8-இல் எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் ஆறு சென்டிமீட்டர்தான். பாட்டி மடியில் பேரன் உட்கார்ந்திருந்தால் பேரன் தெளிவாக இருப்பான், பாட்டி மங்கிவிடுவார். இரண்டு பேர் என்றால் கொஞ்சம் தள்ளி நின்று எஃப் 4-க்கு வந்துவிடுங்கள். 1.8 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதால் எப்போதும் அதிலேயே எடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

எந்த பாடிக்கு எது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள்தான் இதில் கொடுத்துவைத்தவர்கள். ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 எம்எம் எஃப் 1.8ஜி என்று 2009-இல் வந்த லென்ஸ், நம் ஹால்களை அளந்து செய்த மாதிரியே இருக்கும். 200 கிராம். இரண்டாம் கையில் நிறையக் கிடைக்கிறது. வேறு யோசனையே வேண்டாம். ஆனால் டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று "ஏஎஃப்-டி" என்று போட்ட பழைய 50-ஐ வாங்கி மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வராது, கையால்தான் திருப்ப வேண்டும். அதற்குள் பிள்ளை அடுத்த ரூமில் இருக்கும். இதற்கு நேர்மாறாக, புதிய "ஏஎஃப்-பி" லென்ஸ்கள் டி90, டி7000 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. லென்ஸ் மேல் இருக்கிற அந்த ஓரிரு எழுத்துகளைப் படிக்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

கேனான் டிஎஸ்எல்ஆர்காரர்களுக்கு ஈஎஃப்-எஸ் 24 எம்எம் எஃப் 2.8 எஸ்டிஎம். 125 கிராம், சட்டைப் பையில் போடும் அளவு தட்டையானது. 16 சென்டிமீட்டர் வரை நெருங்கி எடுக்கலாம் என்பதால் கோலப்பொடி பிடித்த விரல்கூட அடங்கும். எஃப் 2.8 என்பது 1.8 அளவுக்குத் திறக்காது என்பதை மறைக்க மாட்டேன். முன்னே சொன்ன ட்யூப்லைட் ஹாலில் ஷட்டர் 1/60-தான் கிடைக்கும். ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். படத்தில் கொஞ்சம் மணல் மணலாகத் தெரியும். அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. தீற்றலான முகத்தைவிட மணல் விழுந்த முகம் எவ்வளவோ மேல்.

மிரர்லெஸ் வாங்கியவர்களில் கேனான் ஆர்50, ஆர்10 வைத்திருப்பவர்களின் கிட் லென்ஸ் 18-45. அது இன்னும் இருட்டு, எஃப் 6.3-க்குப் போய்விடும். ஆர்எஃப் 28 எம்எம் எஃப் 2.8 அவர்களுக்கு நல்ல முதல் படி. பழைய ஈஎஃப் லென்ஸ்களை அடாப்டர் போட்டு அந்த பாடிகளில் மாட்டலாம். ஆர்எஃப் லென்ஸைப் பழைய டிஎஸ்எல்ஆரில் மாட்ட எந்த வழியும் இல்லை. கடையில் பெயர் குழம்பி மாற்றி வாங்கிவிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சோனிக்கு சிக்மா 30 எம்எம் எஃப் 1.4, நிக்கான் இசட் வரிசைக்கு டிஎக்ஸ் 24 எம்எம் எஃப் 1.7. ஃபுல் ஃப்ரேம் வைத்திருப்பவர்களுக்கு இந்த எம்எம் கணக்கு முழுக்க மாறும். ஃபுல் ஃப்ரேமுக்குச் செலவழித்தவருக்கு இந்தக் கடிதம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் 24-ஆ, 35-ஆ, 50-ஆ என்று மனம் ஊசலாடினால், காசில்லாத பரீட்சை ஒன்று இருக்கிறது. கிட் லென்ஸை 35-இல் நிறுத்தி, ஜூம் வளையத்தின் மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டுங்கள். ஒரு வாரம் அப்படியே வீட்டில் எடுங்கள். அடுத்த வாரம் 24, அதற்கடுத்து 50. எந்த வாரத்தில் "இன்னும் கொஞ்சம் பின்னால் போக முடியவில்லையே" என்று சுவரைத் திட்டினீர்களோ அந்த எம்எம்-ஐ விட்டுவிடுங்கள். பொறுமை இல்லாதவர்கள் தீபாவளியிலிருந்து பொங்கல் வரை எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து, ஒவ்வொன்றின் விவரத்திலும் ஃபோகல் லென்த் எத்தனை என்று பார்த்தாலே போதும். பாதிக்கு மேல் 18-க்கும் 28-க்கும் நடுவில் இருந்தால், உங்கள் வீடே பதில் சொல்லிவிட்டது.

ட்யூப்லைட்டைப் பற்றி இன்னொரு வார்த்தை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு நூறு தடவை மினுக்கும். சில எல்.இ.டி. விளக்குகளில் இது மோசம். ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வைத்தால் படத்தில் வரி வரியாக விழுவது பெரும்பாலும் நின்றுவிடும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில்தான் இந்த வரிகள் அதிகம். லென்ஸில் கோளாறு என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம்.

இனி மலைக்கு வருவோம். பாறை ஓடாது, அணைக்கட்டு கண் சிமிட்டாது. வெளிச்சம் குறைந்தால் ட்ரைபாடில் வைத்து அரை நொடி, ஒரு நொடி என்று நிதானமாக எடுக்கலாம். 1.8-க்கு அங்கே வேலையே இல்லை. கிட் லென்ஸை 18-இல் வைத்து, எஃப் 8-க்குக் கொண்டுவந்து, சுமார் இரண்டு மீட்டர் தூரத்தில் இருக்கிற ஏதாவது ஒன்றில் ஃபோகஸ் செய்தால், ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக வரும். அந்த அப்பெர்ச்சரில் கிட் லென்ஸுக்கும் அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள லென்ஸுக்கும் இருக்கிற வித்தியாசம், ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டும் அளவில் கண்ணுக்குத் தெரியாது. "நிலக்காட்சி என்றால் எஃப் 22" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எஃப் 11-ஐத் தாண்டினால் இந்தச் சென்சார்களில் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) படம் மெல்ல மழுங்க ஆரம்பித்துவிடும்.

நிலக்காட்சி என்றதும் வைட் லென்ஸ் என்று ஒரு நினைப்பு இருக்கிறதே, அதையும் கொஞ்சம் கலைக்க வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட். வரையாடுகள் சர்வ சாதாரணமாகச் சாலையோரத்தில் நிற்கிற இடம். கீழே ஆழியாறு அணை, அதற்கு அப்பால் பொள்ளாச்சிச் சமவெளி. எல்லாரும் அங்கே இறங்கி, பிள்ளைகளைக் கைப்பிடிச் சுவரோரம் நிறுத்தி, 18-இல் வைத்து எடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பிள்ளைகள் பெரிதாக இருக்கிறார்கள், அணை ஒரு கீற்றாக மூலையில் கிடக்கிறது. "நேர்ல எவ்வளவு நல்லா இருந்துச்சு, படத்துல வரலையே" என்று லென்ஸைக் குறை சொல்கிறார்கள்.

அதே கிட் லென்ஸை 55-க்குத் திருப்பி, பிள்ளைகள் முன்பிருந்த அதே அளவில் தெரியும்வரை பின்னால் போங்கள். பஸ் வருகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். இப்போது அணை முன்பைவிட மூன்று மடங்கு பெரிதாகப் பிள்ளைகளுக்குப் பின்னால் எழுந்து நிற்கும். லென்ஸ் மாறவில்லை, செலவில்லை. நீங்கள் நிற்கிற இடம்தான் மாறியது. குடும்பம், இயற்கைக்காட்சி இரண்டுக்கும் சேர்த்து ஒரு லென்ஸ் கேட்டீர்களே, அது கிட் லென்ஸின் 55 முனைதான். கேமராவோடு 55-250 போன்ற இரண்டாவது ஜூமும் சேர்த்துக் கொடுத்து, அது பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தால் அதையும் மலைக்கு எடுத்துப் போங்கள். மழை விட்ட மறுநாள் காலையில் 150, 200-இல் எடுத்தால் மலைகள் ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கடுக்காக வரும். 18-இல் அவை எல்லாம் சேர்ந்து ஒரே நீலக் கோடு.

தனுஷ்கோடியில் கதை வேறு. 1964 புயலில் அழிந்த தேவாலயத்தின் இடிந்த சுவரும் மணலும் தவிர கண்ணை நிறுத்த அங்கே அதிகம் எதுவும் கிடையாது. வைட் லென்ஸ் அந்த வெறுமையை இன்னும் வெறுமையாக்கும். 10-18 போன்ற அல்ட்ரா வைட் வாங்கியவர்கள் ஏமாறுவது இந்த மாதிரி இடங்களில்தான். முன்னால் ஒரு படகோ, வலையோ, பிள்ளையின் கால்தடமோ இல்லாவிட்டால் படம் முழுக்க வானமாகிவிடும். அல்ட்ரா வைட் உண்மையில் உதவுவது நெரிசலான தெருவிலும், பின்னால் போக வழியில்லாத மண்டபத்திலும். தஞ்சைப் பெரிய கோயிலின் 216 அடி விமானத்துக்குக்கூட அது தேவையில்லை, பிரகாரத்தில் பின்னால் நடக்க அவ்வளவு இடம் இருக்கிறது. எனவே அது மூன்றாவது லென்ஸாக இருக்கட்டும். அதற்குமுன் ஆட்டம் காணாத ஒரு ட்ரைபாட் வாங்குங்கள். மலைக்கென்று ஒரு பைசாவும் செலவழிக்க வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இந்த ஒரு விலக்கு.

லென்ஸ் மாற்றவே பிடிக்காது, ஒரே லென்ஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் 18-200, 18-140 பக்கம் போகாதீர்கள். அவை நீளத்தைத்தான் கூட்டித் தரும், வெளிச்சத்தைத் தராது. ஹாலில் கிட் லென்ஸ் எங்கே தடுமாறியதோ அங்கேதான் இவையும் தடுமாறும். உங்களுக்கு வேண்டியது எல்லா எம்எம்-இலும் எஃப் 2.8 திறக்கிற 17-50. சிக்மாவும் டாம்ரானும் டிஎஸ்எல்ஆருக்குச் செய்தவை இரண்டாம் கையில் கிடைக்கின்றன. கொஞ்சம் கனம். சிக்மாவுடையது அரைக் கிலோவுக்கும் மேல். சோனி, கேனான் மிரர்லெஸ் என்றால் சிக்மா 18-50 எஃப் 2.8, சுமார் 290 கிராம்தான். விலையைக் கேட்டதும் பிரைம் லென்ஸ் மேல் மறுபடி பாசம் வரும்.

இரண்டாம் கையில் வாங்க யோசிக்காதீர்கள். ஆனால் பார்த்து வாங்குங்கள். போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் வைத்து, முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். தூசு இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல் போல மெல்லிய இழைகள் ஓடினால் அது பூஞ்சை. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். உங்கள் பாடியையே கொண்டுபோய் மாட்டி, சுவரில் ஒரு செய்தித்தாள் பக்கத்தை ஒட்டி, அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து நேராக நின்று எடுங்கள். நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் மற்ற மூன்றைவிட மங்கலாக இருந்தால் அந்த லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கலாம். கேனான் 50-இல் இன்னொரு கவனம் வேண்டும். 1990-இல் வந்த பழைய மாடலையும் "ஃபிஃப்டி" என்றே விற்கிறார்கள். அதன் மவுண்ட் பிளாஸ்டிக், ஃபோகஸ் சத்தமாகத் திரும்பும். "எஸ்டிஎம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து எடுங்கள். கூடவே யூவி ஃபில்டர் தள்ளிவிடப் பார்ப்பார்கள். மலிவு ஃபில்டர் லென்ஸின் தெளிவைத்தான் முதலில் தின்னும். ஹூட் கேளுங்கள், விழுந்தாலும் அடியை அதுதான் வாங்கிக்கொள்ளும்.

வாங்கிய பிறகு செய்கிற தப்பு ஒன்று உண்டு. பத்திரமாக இருக்கட்டும் என்று கேமரா பையோடு பீரோவில் பூட்டிவைப்பது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில், மழைக்காலத்தில், பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் அமையாது. அரிசி டப்பாவில் போட்டுவைக்கும் பழக்கமும் வேண்டாம். தவிட்டுத் தூசு வளையத்துக்குள் போனால் கரகரவென்று சத்தம் போட ஆரம்பிக்கும். காற்றுப் புகாத, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், நீல நிற சிலிகா ஜெல் ஒரு பொட்டலமும் போதும். நீலம் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரத்தைக் குடித்துவிட்டது என்று அர்த்தம். பழைய வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் நீலம் திரும்பிவிடும். அந்த நீலச் சாயம் உடம்புக்கு ஆகாது, அதனால் அந்த வாணலியை மறுபடி அடுக்களைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே ஹாலில் முதுகை ஒட்டி நின்று படம் எடுக்கும் ஒருவன்